ஜோ பட்டர்னோவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருப்பதால், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் தமிழ்க் குடும்பங்களும் ஊரிலிருந்து பேசும் உறவினர்களும் இந்தக் கேள்விகளை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் பாதிச் செய்தியோடுதான் கேட்கிறார்கள். சிலர் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றத்தைச் செய்தவரே பட்டர்னோ என்று எண்ணியிருக்கிறார்கள். சிலர் பாவம், ஒரு முதியவரைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று நம்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

ஜோ பட்டர்னோ யார்? கால்பந்து என்கிறார்களே, நாம் பார்க்கும் கால்பந்தா?

நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பட்டர்னோ 1926இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு, தமக்குப் பயிற்சியளித்த ரிப் எங்கிளுடன் 1950இல் பென் ஸ்டேட்டுக்கு உதவிப் பயிற்சியாளராக வந்தார். 1966இல் தலைமைப் பயிற்சியாளரானார். 2011 நவம்பரில் நீக்கப்படும் வரை அந்தப் பொறுப்பில்தான் இருந்தார். ஒரே கல்வி நிலையத்தில் 61 ஆண்டுகள்.

அவருடைய அணி 1982, 1986 ஆகிய இரண்டு பருவங்களில் தேசிய வாகையர் பட்டம் வென்றது. 2011 அக்டோபர் 29 அன்று இல்லினாய் அணியை வீழ்த்தியபோது அது அவருக்கு 409ஆவது வெற்றி. கிராம்பிளிங் கல்லூரியின் எடி ராபின்சன் வைத்திருந்த 408 என்ற எண்ணிக்கையை அன்றுதான் கடந்தார். சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 5 அன்று, அவரிடம் நெடுங்காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜெரி சாண்டஸ்கி கைதானார்.

ஒரு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அவ்வளவு மரியாதை எதற்கு?

இதைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது. பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டேட் காலேஜ் மலைகளுக்கு நடுவே அமைந்த சிறிய ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 40 ஆயிரம். அங்குள்ள பீவர் அரங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அமரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில், ஊரைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட கூட்டம் ஒரே கட்டடத்துக்குள் நீலமும் வெள்ளையுமாக நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தைப் பல பத்தாண்டுகளாகத் திரட்டியவர் பட்டர்னோ.

வெற்றி மட்டும் அந்த அன்புக்குக் காரணமல்ல. ஆட்டக்காரன் முதலில் மாணவன், அவன் வகுப்புக்குப் போக வேண்டும், பட்டம் வாங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மற்றக் கல்லூரிகளில் இந்த விளையாட்டைச் சுற்றிப் பண ஊழல்கள் வெடித்துக்கொண்டிருந்தபோது, மானத்தோடு வெல்வோம் என்பது அங்கே ஒரு கொள்கை முழக்கமாகவே இருந்தது. ஆட்டக்காரர்களின் சட்டையில் பெயர் இருக்காது. அவரும் தடித்த கண்ணாடி, மடித்துவிட்ட காற்சட்டை, கறுப்புக் காலணி என்று ஒரு பள்ளி வாத்தியாரைப் போல எல்லைக்கோட்டருகே நிற்பார். புகழும் பணமும் வந்த பிறகும் வளாகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்த பழைய, எளிய வீட்டை மாற்றவில்லை. அவரும் மனைவி சூவும் பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததோடு, நூலகத்துக்காக ஊர் ஊராக நிதி திரட்டவும் முன்னின்றார்கள். இவை எல்லாம் உண்மை. பின்னால் வந்த செய்தியால் இவற்றில் எதுவும் பொய்யாகிவிடவில்லை.

குற்றம் செய்தவர் அவர்தானே?

இல்லை. சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியவர் சாண்டஸ்கி. 1969 முதல் 1999 வரை பென் ஸ்டேட்டின் உதவிப் பயிற்சியாளர். தடுப்பாட்ட உத்திகளுக்குப் பெயர்பெற்றவர். ஆதரவற்ற, வறிய குடும்பச் சிறுவர்களுக்கு உதவவென்று 1977இல் ‘செகண்ட் மைல்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் சிறுவர்களை நெருங்கினார். ஆட்டத்துக்கு அழைத்துப்போவது, பரிசுகள் தருவது, அணியின் உடை மாற்றும் அறைக்குள் கூட்டிச்செல்வது எல்லாம் அந்த நெருக்கத்துக்கான வழிகளாயின. தந்தையில்லாத ஒரு பத்து வயதுப் பையனுக்கு அந்த அறைக்குள் நுழைவது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்பதை யோசித்தால், அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் விளங்கும்.

2012 ஜூன் 22 அன்று நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) 48 குற்றச்சாட்டுகளில் 45இல் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. அதே ஆண்டு அக்டோபரில் 30 முதல் 60 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் இன்றுவரை தாம் குற்றமற்றவர் என்றே சொல்லி வருகிறார்; மறுவிசாரணை கேட்டு அவர் செய்த முறையீடுகள் ஏற்கப்படவில்லை.

அப்படியானால் பட்டர்னோவின் பெயர் இதில் எப்படி வந்தது?

2001 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை இரவு. ஓய்வுபெற்ற பிறகும் சாண்டஸ்கிக்கு அணியின் கட்டடத்துக்குள் வந்துபோகும் உரிமை இருந்தது. அங்கே குளியலறையில் அவர் ஒரு சிறுவனோடு இருந்ததை மைக் மெக்வீரி என்ற இளம் உதவியாளர் கண்டார். மறுநாள் காலையில் பட்டர்னோவின் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பட்டர்னோ அதைத் தமக்கு மேலே இருந்த விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடமும், துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸிடமும் தெரிவித்தார். பல்கலைக்கழகக் காவல் துறை ஷுல்ட்ஸின் மேற்பார்வையில் இருந்தது.

மெக்வீரி எந்தச் சொற்களில் சொன்னார் என்பதில் தகராறு உண்டு. வயது முதிர்ந்த ஆசிரியர் முன்னால் வெளிப்படையாகச் சொல்லக் கூசினேன், ஆனால் பாலியல் தொடர்பானது என்பதைப் புரியவைத்தேன் என்பது மெக்வீரியின் சாட்சியம். இதைப் பட்டர்னோவே ஏறக்குறைய ஒப்புக்கொண்டார் என்பதுதான் முக்கியம். 2011 ஜனவரியில், சாண்டஸ்கி மீதான புகாரை விசாரித்த குழுவின் முன் சில நிமிடங்களே நீடித்த தம் சாட்சியத்தில், ஒரு சிறுவனிடம் பாலியல் தன்மையுள்ள ஏதோ ஒன்று நடந்ததாகத் தமக்குச் சொல்லப்பட்டது, சொன்னவர் கலங்கிப் போயிருந்ததால் மேலும் கேட்டு வற்புறுத்தவில்லை என்று அவர் கூறினார். வார இறுதியில் அவர்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்ற பொருளிலும் ஒரு வாக்கியம் சொன்னார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாரே! அதற்கு மேல் அவர் என்ன செய்திருக்க வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும் கூட. அன்றைய பென்சில்வேனியச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தில் பணிபுரிபவர் தம் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் தெரிவித்தால் போதும். அந்த அளவில் பட்டர்னோ சட்டத்தை மீறவில்லை. அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. மாநிலக் காவல் துறைத் தலைவராக இருந்த ஃபிராங்க் நூனன் 2011 நவம்பரில் செய்தியாளர்களிடம் இதை ஒப்புக்கொண்டுவிட்டு, அறக்கடமை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்டார்.

சொன்ன பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். கர்லியும் ஷுல்ட்ஸும் காவல் துறைக்கோ மாநிலக் குழந்தைகள் நலத் துறைக்கோ தெரிவிக்கவில்லை. சிறுவர்களை இனி இங்கே அழைத்து வராதீர்கள் என்று சாண்டஸ்கியிடம் சொன்னார்கள், தொண்டு நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொன்னார்கள், அத்துடன் முடித்துக்கொண்டார்கள். பட்டர்னோ பிறகு மெக்வீரியை நலம் விசாரித்தார் என்று மெக்வீரியே சொல்லியிருக்கிறார். சாட்சியின் நலத்தை விசாரித்தார்கள். அந்தச் சிறுவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை, இப்போது எப்படி இருக்கிறான் என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் எவரும் தேடவில்லை. நீதிமன்றத்திலும் அவன் யார் என்பது நிறுவப்படவில்லை. சாண்டஸ்கி வளாகத்துக்கு வந்துபோவது தொடர்ந்தது. 2001க்குப் பிறகும் வேறு சிறுவர்கள் அவரிடம் சிக்கினார்கள்.

பட்டர்னோ சாதாரண ஊழியராக இருந்திருந்தால், மேலே சொன்னேன், என் கடமை முடிந்தது என்ற பதிலை நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அந்த ஊரில் அவருக்கு மேல் யாரும் இருந்ததாக எவரும் நம்பியதில்லை. 2004இல் பல்கலைக்கழகத் தலைவரும் கர்லியும் வீட்டுக்கே வந்து ஓய்வுபெறச் சொன்னபோது, முடியாது என்று சொல்லி அனுப்பியவர் அவர். அப்படிப்பட்டவர், என்ன ஆயிற்று என்று ஒரு முறை உரக்கக் கேட்டிருந்தால் பதில் வராமல் போயிருக்காது. என் தீர்ப்பு இதுதான். அவர் மறைத்தார் என்று நான் சொல்லவில்லை, விட்டுவிட்டார் என்கிறேன்.

தெரிந்தே மூடி மறைத்தார் என்று ஓர் அறிக்கை வந்ததாமே?

வந்தது. எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயிஸ் ஃப்ரீயைப் பல்கலைக்கழகமே நியமித்தது. 430க்கும் மேற்பட்ட நேர்காணல்களும் லட்சக்கணக்கான மின்னஞ்சல்களும் ஆவணங்களும் கொண்டு தயாரான அறிக்கை 2012 ஜூலை 12 அன்று வெளியானது. பல்கலைக்கழகத் தலைவர் கிரகாம் ஸ்பானியர், ஷுல்ட்ஸ், கர்லி, பட்டர்னோ ஆகிய நால்வரும் முக்கிய உண்மைகளை மறைத்தார்கள் என்று அது சொன்னது. அதற்கு வலுவான ஆதாரமாகக் காட்டப்பட்டது 2001 பிப்ரவரி 27 தேதியிட்ட ஒரு மின்னஞ்சல். குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிப்பது என்று முதலில் பேசி வைத்திருந்த திட்டத்தில் தமக்கு இப்போது சம்மதமில்லை என்று கர்லி அதில் எழுதினார். மேலும் யோசித்த பிறகும், நேற்று ஜோவிடம் பேசிய பிறகும், என்று காரணமும் குறிப்பிட்டார்.

அந்தப் பேச்சில் ஜோ என்ன சொன்னார்? மின்னஞ்சலில் அது இல்லை. தடுத்தாரா, கேட்டுக்கொண்டாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்பதை அந்த ஒரு வரியிலிருந்து எடுக்க முடியாது. பட்டர்னோ இறந்துவிட்டார், மெக்வீரி, கர்லி, ஷுல்ட்ஸ் மூவரையும் ஃப்ரீயின் குழு விசாரிக்கவில்லை. பட்டர்னோ குடும்பம் 2013இல் வெளியிட்ட மறுப்பறிக்கை இந்த ஓட்டைகளைத்தான் சுட்டியது. சாண்டஸ்கி வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஃபினாவும், மூடிமறைப்பில் பட்டர்னோவுக்குப் பங்கு இருந்ததற்குத் தாம் ஆதாரம் காணவில்லை என்று பிறகு சொன்னார். ஆகவே ‘மறைத்தார்’ என்பது நிறுவப்பட்ட உண்மை அல்ல. ஆனால் முந்தைய பதிலில் சொன்னதற்கு இந்த அறிக்கை தேவையே இல்லை. அதற்குப் பட்டர்னோவின் சொந்த வாக்குமூலம் போதும்.

1998இலேயே அவருக்குத் தெரியும் என்கிறார்களே? 1976 என்றும் ஒரு பேச்சு இருக்கிறதே?

1998இல் ஒரு தாய், சாண்டஸ்கியோடு போன தம் மகன் குளித்துவிட்டு வந்ததைக் கண்டு சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகக் காவல் துறை விசாரித்தது. மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடரவில்லை. பட்டர்னோ தமக்கு வேறு சம்பவம் எதுவும் நினைவில்லை என்று சாட்சியமளித்தார். ஆனால் அந்த மே மாதம் கர்லி ஷுல்ட்ஸுக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அறியப் பயிற்சியாளர் ஆவலாக இருக்கிறார் என்கிறது. அந்தப் பயிற்சியாளர் பட்டர்னோ என்பது ஃப்ரீயின் வாசிப்பு. சாண்டஸ்கியாக இருக்கலாம் என்பது குடும்பத்தின் பதில். எனக்கு முதல் வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது, உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

1976 பற்றிய பேச்சு, 2016இல் ஒரு காப்பீட்டு வழக்கின் ஆவணங்கள் வழியாக வெளியே வந்தது. சிறுவனாக இருந்தபோது பட்டர்னோவிடமே முறையிட்டதாக ஒருவர் சொன்னார். குடும்பம் அடியோடு மறுத்தது. அந்தக் கூற்று எந்த நீதிமன்றத்திலும் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை. அதை வைத்து அவரைத் தீர்ப்பிடவும் கூடாது, அப்படிச் சொன்னவரைப் பொய்யர் என்று ஏசவும் கூடாது.

அவரை எப்படி நீக்கினார்கள்? தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்களாமே?

ஆமாம். 2011 நவம்பர் 9 காலை, பருவத்தின் முடிவில் ஓய்வு பெறுவதாகப் பட்டர்னோ அறிவித்தார். திரும்பிப் பார்க்கையில் நான் இன்னும் அதிகம் செய்திருக்கலாம் என்றும் அதில் சொன்னார். அன்று இரவே அறங்காவலர் குழு அவரை நீக்கியது. ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த எண்ணை அழைத்தபோது ஓரிரு வாக்கியங்களில் செய்தி சொல்லப்பட்டது. சூ பட்டர்னோ திரும்ப அழைத்து, 61 ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு இதைவிட நல்ல முறையில் சொல்லியிருக்க வேண்டாமா என்ற பொருளில் கூறிவிட்டுத் துண்டித்தார். நீக்கியது சரி, நீக்கிய விதம் தவறு என்பது என் எண்ணம்.

அன்றிரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஒரு தொலைக்காட்சி வண்டியைக் கவிழ்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை நெப்ராஸ்காவுடன் நடந்த ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியினரும் நடுக்களத்தில் மண்டியிட்டுப் பிரார்த்தித்தபோது அரங்கமே அடங்கி நின்றது. ஊர் ஒரே வாரத்தில் இரண்டு முகங்களைக் காட்டியது. பட்டர்னோவுக்கு அந்த மாதமே நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 2012 ஜனவரி 22 அன்று 85 வயதில் காலமானார்.

வெற்றிகளைப் பறித்துவிட்டு ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? குற்றம் இல்லை என்று ஆகிவிட்டதா?

அப்படி ஆகவில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2012 ஜூலை 23 அன்று ஃப்ரீயின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு பென் ஸ்டேட்டுக்கு 6 கோடி டாலர் அபராதமும், பருவ இறுதிப் போட்டிகளில் நான்காண்டுத் தடையும் விதித்தது; 1998 முதல் 2011 வரையிலான வெற்றிகளையும் நீக்கியது. பட்டர்னோவின் கணக்கு 409இலிருந்து 298க்கு இறங்கியது. அபராதப் பணம் எங்கே செலவாக வேண்டும் என்று தொடங்கிய வழக்கு, அப்படித் தண்டிக்கச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியாக வளர்ந்து, 2015 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. அப்போதுதான் 409 திரும்பியது. அது அதிகார வரம்பைப் பற்றிய முடிவே தவிர, பட்டர்னோவைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

என்னைக் கேட்டால், வெற்றிகளை அழித்தது முதலிலிருந்தே பொருளற்ற தண்டனை. ஓடியவர்களும் விழுந்து எழுந்தவர்களும் அந்த இளைஞர்கள். அவர்களுக்கு இதில் என்ன பங்கு?

மற்ற மூவருக்கும் என்ன தண்டனை?

கர்லியும் ஷுல்ட்ஸும் குழந்தையின் நலனுக்கு ஊறு விளைவித்த சிறு குற்றத்தை 2017 மார்ச்சில் ஒப்புக்கொண்டார்கள். ஸ்பானியர் அதே மாதம் அதே வகைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். இடையில் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்து, மேல்நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்த பிறகு, 2021இல் அவர் சிறைக்குப் போனார். எல்லாமே மாதக் கணக்கில் அளக்கக்கூடிய தண்டனைகள். அவர்களுக்குத் தண்டனை அறிவித்த நீதிபதி பட்டர்னோவையும் விடவில்லை. கையில் அழுக்குப் படாமலே அவர் புகார் சொல்லும் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்திருக்கலாம், ஏன் செய்யவில்லை என்பது தமக்கு விளங்கவில்லை என்றார்.

சிலையை எடுத்துவிட்டு நூலகத்துக்கு மட்டும் அவர் பெயரை ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்?

அரங்கத்துக்கு வெளியே 2001 முதல் நின்ற வெண்கலச் சிலை, ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு ஆட்டக்காரர்களுக்கு முன்னால் ஓடிவரும் தோற்றம். 2012 ஜூலை 22 காலையில் அதைத் துணி போர்த்தி அகற்றினார்கள். அது நின்ற இடத்தில் மரங்கள் வைத்தார்கள். அப்போதைய தலைவர் ராட்னி எரிக்சன், சிலை மக்களைப் பிரிக்கிறது என்றும், நூலகம் கல்விக்கு அவர் ஆற்றிய பணியைக் குறிப்பதால் பெயர் நீடிக்கும் என்றும் விளக்கினார். இந்த வேறுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது. சிலை ஒரு மனிதரை இவரைப் போல வாழுங்கள் என்று நிறுத்திக் காட்டுவது. நூலகத்தின் பெயர், இந்தச் சுவர்களுக்கு இவர் உழைத்தார் என்பதைச் சொல்வது மட்டுமே, அது உண்மைதானே.

ஊர்க் கடைத்தெருவில் ஒரு பெரிய சுவரோவியம் இருக்கிறது. அதில் முதலில் இருந்த சாண்டஸ்கியின் உருவத்தை ஓவியர் 2011இல் அழித்து, அந்த இடத்தில் வெற்று நாற்காலியும், குழந்தைகள் மீதான கொடுமைக்கு எதிரான அடையாளமான நீல நாடாவும் வரைந்தார். பட்டர்னோ இறந்தபோது அவர் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் தீட்டினார். ஃப்ரீயின் அறிக்கை வந்ததும் ஒளிவட்டத்தை அழித்தார், ஆளை விட்டுவிட்டார். வருபவர்களை நான் அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதுண்டு.

இதனால் ஏதாவது நல்லது நடந்ததா?

மாநிலச் சட்டம் மாறியது. மேலே சொன்ன பழைய சட்டத்தின் ஓட்டையை 2014இல் நிறைவேறிய திருத்தங்கள் அடைத்தன. இப்போது பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டுக் குழு என எங்கே குழந்தைகளோடு பணிபுரிந்தாலும், சந்தேகம் எழுந்தால் அவரே நேரடியாக அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் தொடர்பெண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகே மேலதிகாரிக்கு. 6 கோடி டாலர் அபராதமும் பென்சில்வேனியாவிலேயே குழந்தைகள் பாதுகாப்புக்குச் செலவாக வழி பிறந்தது. பாதிக்கப்பட்ட 30க்கும் மேற்பட்டவர்களுக்குப் பல்கலைக்கழகம் மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தந்தது. அவர்களில் பலர் முப்பதையும் நாற்பதையும் கடந்தவர்கள். பணம் வந்ததும் முடிந்துபோகிற காரியம் இல்லை அது.

அவர் செய்த நன்மைகளைத் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் சாயும்?

தராசில் வைக்கலாமா என்பதே எனக்குச் சந்தேகம். நூறு மாணவர்கள் பட்டம் வாங்கியதை, ஒரு சிறுவன் கைவிடப்பட்டதற்கு ஈடு செய்ய முடியாது. சிறுவன் கைவிடப்பட்டதால் அந்த நூறு பட்டங்களும் செல்லாமல் போவதும் இல்லை. இரண்டும் ஒரே மனிதரின் கணக்கில் அழியாமல் நிற்கின்றன. அவரிடம் விளையாடியவர்கள் இன்றும் கண்கலங்கப் பேசுகிறார்கள். அவர்களிடம் வாதாட நான் விரும்புவதில்லை. அவர்கள் அறிந்த ஜோவும் உண்மையானவர்.

என் குறை வேறு. 2016 செப்டம்பரில், அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்த முதல் ஆட்டத்தின் 50ஆம் ஆண்டைப் பல்கலைக்கழகம் அரங்கத்தில் கொண்டாடியபோது, கைதட்டியவர்களும் எதிர்த்தவர்களும் வாரக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். இரு தரப்பும் பேசியது பட்டர்னோவைப் பற்றி. சாண்டஸ்கி வழக்கில் எட்டு இளைஞர்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். இந்தப் பக்கத்துக்காக வந்த கேள்விகளைத் தொகுத்தபோதும், பட்டர்னோவைப் பற்றி எத்தனையோ கேள்விகள் இருந்தன. அந்த எட்டுப் பேரைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். அதையும் ஒரு பதினாறு வயதுப் பெண் கேட்டாள். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பையன்கள் சொன்னபோது முதலில் யார் நம்பினார்கள்?

பெரும்பாலும் அவர்களுடைய தாய்மார்கள். 1998இல் காவல் துறைக்குத் தொலைபேசியில் பேசியவர் ஒரு தாய். 2008 இறுதியில், சாண்டஸ்கி தன்னார்வப் பயிற்சியாளராகப் போய்வந்த உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்த மாணவன் வாய் திறந்தபோது, பள்ளி நிர்வாகம் தயங்கியது. அந்த மாணவனும் அவன் தாயும் விடாமல் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்துதான் விசாரணை தொடங்கியது. கைது நடக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை அந்தப் பையன் அதே பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தான்.